தனித்தனி டிக்கெட்டில் இரண்டு விமானங்கள்: நடுவில் எவ்வளவு நேரம் விடுவது?

கேள்வி: நானும் 71 வயதான என் அம்மாவும் அண்ணன் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறோம். ஒரு ஏர்லைனில் கோலாலம்பூர் வரை போய்வர டிக்கெட் எடுத்துவிட்டேன். காலை 9.40க்கு டெர்மினல் 1க்கு வந்து சேர்கிறோம். அங்கிருந்து அவள் படிக்கும் நாட்டுக்கு வேறொரு பட்ஜெட் ஏர்லைன், டெர்மினல் 2இலிருந்து. அந்த டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. பகல் 12.30, மாலை 6.50, மறுநாள் காலை 8.00 என்று மூன்று விமானங்கள் இருக்கின்றன. 12.30தான் விலை குறைவு. ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி இருக்கும். ஒரே டிக்கெட்டாகத் தேடியபோது ஒன்றரை மணி நேர இடைவெளி உள்ள விமானங்களைக்கூடக் காட்டியது. அப்படியென்றால் 2 மணி 50 நிமிடம் தாராளம்தானே? திரும்பும்போது இரவு 8.15க்கு டெர்மினல் 2க்கு வந்து, 11.50க்கு டெர்மினல் 1இலிருந்து கிளம்பலாம் என்று நினைக்கிறேன். விழா, நாங்கள் கிளம்பும் நாளிலிருந்து மூன்றாம் நாள்.

பதில்: 12.30 வேண்டாம். மாலை 6.50 விமானத்தை எடுங்கள். திரும்பும் திட்டத்தையும் மாற்றுங்கள். நீங்கள் போகும் பயணத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். என் கவலை திரும்பும் பயணத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கு. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒன்று உண்டு. எந்த டெர்மினலிலிருந்து எந்த டெர்மினலுக்கு, எந்த ஏர்லைனிலிருந்து எந்த ஏர்லைனுக்கு என்று பார்த்து அதை முன்கூட்டியே நிர்ணயித்து வைத்திருப்பார்கள். டிக்கெட் விற்கும் கணினிகள் அதற்குக் குறைவான இடைவெளி உள்ள விமானங்களை ஒரே டிக்கெட்டில் சேர்த்து விற்காது. நீங்கள் பார்த்த ஒன்றரை மணி நேரம் அந்தக் கணக்கில் வந்ததுதான். ஆனால் அந்த நேரத்துக்குள் பயணி செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. பெட்டிகளை ஏர்லைன்களே உள்வழியாக மாற்றிவிடும். இரண்டாவது போர்டிங் பாஸ் பெரும்பாலும் முதல் ஊரிலேயே கைக்கு வந்துவிடும். பல இடங்களில் இமிகிரேஷனைத் தாண்டி வெளியே போகவே வேண்டாம். இத்தனைக்கும் பிறகு இணைப்பு தவறினால், அடுத்து இடமுள்ள விமானத்தில் ஏற்றிவிடுவது ஏர்லைனின் பொறுப்பு.

தனித்தனி டிக்கெட்டில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. முதல் ஏர்லைனைப் பொறுத்தவரை உங்கள் பயணம் கோலாலம்பூரில் முடிந்துவிட்டது. இரண்டாவது ஏர்லைனைப் பொறுத்தவரை நீங்கள் கோலாலம்பூரிலேயே இருந்து நேரத்துக்கு வர வேண்டிய பயணி. முன்னால் ஒரு விமானத்தில் வந்தீர்கள், அது தாமதமானது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. உங்களுக்கு மட்டும்தான் அது இணைப்பு. அதனால் அவர்களுடைய இணைப்பு நேரத்தைக் கடன் வாங்கிக் கணக்குப் போட முடியாது.

சரி, உங்கள் 2 மணி 50 நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். அதை 12.30 வரை எண்ணக் கூடாது. சர்வதேச விமானங்களுக்குப் பல ஏர்லைன்கள், குறிப்பாகப் பட்ஜெட் ஏர்லைன்கள், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரையும் பெட்டி வாங்குவதையும் மூடிவிடும். உங்கள் ஏர்லைனின் சரியான நேரத்தை அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 60 நிமிடம் என்று வைத்தால், 11.30க்குள் உங்கள் பெட்டி கவுண்டரில் இருக்க வேண்டும். ஆக, கையில் இருப்பது 1 மணி 50 நிமிடம்.

அந்த 1 மணி 50 நிமிடத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும்? அட்டவணையில் போட்டிருக்கும் 9.40 என்பது விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். அதன் பிறகு கதவைத் திறந்து, முன் வரிசைகள் இறங்கி, உங்கள் முறை வர வேண்டும். அம்மாவுக்கு வீல்சேர் கேட்டிருந்தால் பெரும்பாலும் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அழைத்துப் போவார்கள். 10 மணி ஆகிவிடும். கோலாலம்பூர் டெர்மினல் 1இல் பல சர்வதேச விமானங்கள் பிரதானக் கட்டடத்தில் நிற்பதில்லை, தள்ளியிருக்கும் சாட்டிலைட் கட்டடத்தில் நிற்கின்றன. அங்கிருந்து ஏரோட்ரெயினிலோ பேருந்திலோ வர வேண்டும். பிறகு இமிகிரேஷன் வரிசை. நல்ல நாளில் 20 நிமிடம். நாலைந்து பெரிய விமானங்கள் ஒன்றாக இறங்கிய காலையில் ஒரு மணி நேரம். நடுவாக எடுத்தால் 10.50. பெட்டி அதற்குள் பெல்ட்டில் வந்திருக்கும் என்று நம்புவோம். எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வர 11.05. டெர்மினல் 2க்கு ரயிலில் 3 நிமிடம்தான், ஆனால் நிலையத்துக்கு நடப்பது, டிக்கெட், ரயிலுக்குக் காத்திருப்பது, அந்தப் பக்கம் லிஃப்ட் பிடித்து மேலே போவது எல்லாம் சேர்த்தால் 25 நிமிடம். அதாவது 11.30. கவுண்டர் மூடும் நேரத்தில் நீங்கள் வரிசையின் கடைசியில் வந்து நிற்கிறீர்கள்.

இது முதல் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாத நாளின் கணக்கு. அதனால்தான் 12.30ஐ யோசிக்கவே வேண்டாம் என்கிறேன்.

எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தவறவிட்டால் அடுத்த விமானம் எப்போது? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விமானம் ஓடுகிற வழி என்றால், தவறினாலும் அன்றைக்கே போய்ச் சேரலாம்; பணம் மட்டும்தான் நஷ்டம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஓடுகிற விமானத்தை விட்டால் பயணமே போயிற்று. ஒரே ஊர், ஒரே டெர்மினல், ஒரே வரிசைகள் என்றாலும் இந்த இருவருக்கும் தேவையான இடைவெளி ஒன்றல்ல. உங்கள் வழியில் 6.50ஐ விட்டால் மறுநாள் காலை 8.00 இருக்கிறது, விழா மூன்றாம் நாள். ஒரு விமானம் போனாலும் விழாவுக்குப் போய்விடலாம். 6.50ஐ நான் தைரியமாகச் சொல்வதற்கு 9 மணி நேர இடைவெளி பாதிக் காரணம், பின்னால் இன்னொரு விமானம் இருப்பது மீதிக் காரணம்.

இதை வைத்து மற்றவர்களுக்கும் ஒரு மாதிரிக் கணக்கு சொல்லலாம். இவை என் அனுபவத்தில் நான் பரிந்துரைக்கும் அளவுகள், எந்த ஏர்லைனின் விதியும் அல்ல. கைப்பை மட்டும், அதே டெர்மினல், இரண்டாவது போர்டிங் பாஸ் கையில், நாட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை என்றால் 3 மணி நேரம். பெட்டியை எடுத்து இமிகிரேஷனைத் தாண்டி மறுபடி செக்-இன் செய்ய வேண்டுமென்றால் 5 மணி நேரம். டெர்மினல் மாறினால், வயதானவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால், 6. இரண்டாவது விமானத்தை விட்டால் மறுநாளும் வேறு விமானம் இல்லை என்றாலோ, மறுநாள் பரீட்சை, கப்பல் பயணம், விசா நேர்காணல் என்று தள்ளிப்போட முடியாத காரியம் இருந்தாலோ, மணிக்கணக்கை விட்டுவிட்டு முதல் நாளே போய் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அறை வாடகை, கடைசி நிமிடத்தில் வாங்கும் டிக்கெட்டின் விலைக்குப் பெரும்பாலும் பக்கத்தில்கூட வராது.

ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தாலும் விமான நிலையம் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பாங்காக்கில் சுவர்ணபூமியும் தோன் முவாங்கும், டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும், லண்டனில் ஹீத்ரோவும் காட்விக்கும், இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கரையில் ஒன்றும் ஆசியக் கரையில் சபிஹா கோக்சென்னும் இருக்கின்றன. தேடல் பக்கத்தில் வெறுமனே ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தால் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை ஒப்பிடுங்கள். குறியீடு மாறினால் நகரத்தின் நெரிசலைக் கடந்து போக வேண்டும் என்று பொருள்.

இப்போது உங்கள் திரும்பும் பயணம். இரவு 8.15க்கு வந்து 11.50க்குக் கிளம்புவது, 3 மணி 35 நிமிடம். போகும்போது இருந்ததைவிட முக்கால் மணி நேரம் கூடுதல்தான், ஆனால் ஆபத்து அதைவிடப் பெரியது. போகும்போது தவறினால் இழப்பது பட்ஜெட் ஏர்லைனின் சின்ன டிக்கெட்டை. திரும்பும்போது முதலில் வருவது அந்தச் சின்ன டிக்கெட்; அதற்குப் பின்னால் காத்திருப்பது வீட்டுக்குத் திரும்பும் பெரிய டிக்கெட். பட்ஜெட் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்தப் பெரிய டிக்கெட்டின் பாதியும் போய்விடும், நள்ளிரவில் இரண்டு பேருக்குப் புதிதாக வாங்க வேண்டிவரும்.

இன்னொன்று, இரவு 8.15க்கு வருகிற விமானம் காலையிலிருந்து அதே இரண்டு மூன்று ஊர்களுக்கு இடையே போய் வந்துகொண்டிருக்கும். பட்ஜெட் ஏர்லைன்கள் விமானத்தைத் தரையில் நிறுத்தி வைப்பதில்லை. ஒரு நடை முடிந்த அரை மணி, முக்கால் மணியில் அடுத்த நடை. காலையில் ஏற்பட்ட 20 நிமிடத் தாமதம் ஒவ்வொரு நடையிலும் சேர்ந்து சேர்ந்து மாலையில் ஒன்றரை மணி நேரமாக நிற்கும். அதனால் இணைப்பு இருக்கிற நாளில் முதல் விமானத்தை அன்றைய காலை விமானமாக எடுப்பது நல்லது. மாலை 4 மணிக்குள் கோலாலம்பூருக்கு வந்து சேரும் விமானத்தை எடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் முந்தைய நாளே வந்து தங்குங்கள். டெர்மினல் 1இல் பல மணி நேரம் உட்கார்ந்திருப்பது அம்மாவுக்குச் சிரமம் என்று நினைப்பீர்கள். ஓடிப்போய்க் கவுண்டரில் நிற்பது அதைவிடச் சிரமம்.

எந்த விமானம் எப்படி ஓடுகிறது என்று அனுமானிக்க வேண்டியதில்லை. ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்கலாம். அதில் சராசரியைப் பார்க்காதீர்கள். மிக மோசமான நாள் எது, அன்றைக்கு எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். அந்த நாளிலும் உங்கள் இடைவெளி தாங்குமா என்பதுதான் கேள்வி. இன்னொரு விஷயம், 15 நிமிடத்துக்கு உள்ளான தாமதத்தை விமானத் துறையில் தாமதமாகவே எண்ணுவதில்லை. '85 சதவீதம் சரியான நேரம்' என்று ஒரு ஏர்லைன் விளம்பரம் செய்தால் அந்த 15 நிமிடமும் அதற்குள் அடக்கம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் முன்னால் டிக்கெட் வாங்குபவர்கள் கவனிக்காத ஒன்று அட்டவணை மாற்றம். விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு பருவமாகப் பிரிக்கப்பட்டவை. மார்ச் கடைசி ஞாயிறில் கோடைக்கால அட்டவணை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறில் குளிர்கால அட்டவணை. புதிய பருவம் நெருங்கும்போது ஏர்லைன்கள் நேரத்தை முன்பின் நகர்த்துவது சாதாரணம். ஒரே டிக்கெட்டில் இருந்தால் ஒரு விமானம் நகர்ந்து இணைப்பு அறுந்தவுடன் கணினியே எச்சரிக்கும், மாற்று ஏற்பாடும் கிடைக்கும். தனித்தனி டிக்கெட்டில் முதல் ஏர்லைன் '9.40 இனி 11.25' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். உங்கள் இன்னொரு டிக்கெட் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதிகபட்சம் அவர்களுடைய டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அந்தத் தேதியில் வேறு விமானத்தின் விலை அப்போது இரட்டிப்பாகியிருக்கும். உங்கள் பயணத் தேதி மார்ச் கடைசி அல்லது அக்டோபர் கடைசி ஞாயிறைத் தாண்டி வருகிறதென்றால் நான் சொன்ன கணக்குக்கு மேல் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்பும்வரை மாதத்துக்கு ஒருமுறை இரண்டு முன்பதிவையும் திறந்து நேரம் சரிதானா என்று பாருங்கள். இடைத்தரகர் தளம் வழியாக வாங்கியிருந்தால் ஏர்லைன் அனுப்பும் தகவல் சில சமயம் உங்களுக்கு வந்து சேராது.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயணமே இங்கேதான் நின்றுபோகும் என்பதால் சொல்கிறேன். ஒரே டிக்கெட்டில் போகிறவர் கோலாலம்பூரில் டிரான்சிட் பயணி. பெட்டியை எடுக்க இமிகிரேஷனைத் தாண்டும் நீங்கள் மலேசியாவுக்குள் நுழைகிற பயணி. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு மலேசிய விசா வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை நுழைகிறீர்கள்; ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. மலேசியாவுக்குள் வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். கிளம்பும் ஊரின் செக்-இன் கவுண்டரில் 'மலேசியாவிலிருந்து எப்போது கிளம்புகிறீர்கள்?' என்று கேட்பார்கள், ஏனென்றால் அவர்கள் திரையில் உங்கள் கடைசி ஊர் கோலாலம்பூர்தான். இரண்டாவது டிக்கெட்டையும், போகப்போகும் நாட்டின் விசாவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதம் ஏர்லைனுக்கு விழும்; அதனால் அவர்கள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே டிக்கெட் ஒன்றோ இரண்டோ, பொதுவாக எல்லோரும் இமிகிரேஷனைத் தாண்டியே ஆக வேண்டும்.

பெட்டியைக் கடைசி ஊர் வரை டேக் போட்டுத் தரச் சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். இரண்டு ஏர்லைன்களுக்கும் இடையே இன்டர்லைன் ஒப்பந்தம், அதாவது ஒருவருடைய பயணியையும் பெட்டியையும் மற்றவர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு, இருந்தால்தான் அது நடக்கும். ஒப்பந்தம் இருந்தாலும் தனித்தனி டிக்கெட் என்றால் மறுக்கிற ஏர்லைன்கள் நிறைய. பட்ஜெட் ஏர்லைன்களில் எதிர்பார்க்கவே வேண்டாம். கேட்பதில் தவறில்லை. போட்டுக் கொடுத்தால் டேக்கில் கடைசி ஊரின் மூன்றெழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். எடை அளவும் இரண்டு ஏர்லைனிலும் வேறு வேறாக இருக்கும். முதல் விமானத்தில் 30 கிலோ இலவசம் என்று கட்டிக்கொண்டு போய், இரண்டாவதில் 20 கிலோவுக்கு மட்டும் பணம் கட்டியிருந்தால் கவுண்டரில் பெட்டியைத் திறந்து அடுக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். அந்த நேரமும் உங்கள் இடைவெளியிலிருந்துதான் போகும்.

அம்மாவுக்கு வீல்சேர் உதவியை இரண்டு ஏர்லைனிலும் தனித்தனியாக, குறைந்தது 48 மணி நேரம் முன்னால் பதிவு செய்யுங்கள். முதல் ஏர்லைனின் உதவி டெர்மினல் 1இன் வெளிவாசலோடு முடிந்துவிடும். இரண்டாவதின் உதவி டெர்மினல் 2 கவுண்டரில்தான் தொடங்கும். நடுவில் ரயிலோ காரோ, இரண்டு பெட்டியும் அம்மாவும் உங்கள் கையில். இடையில் உள்ள அந்தத் தூரத்துக்கு டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள். 9 மணி நேரம் இருக்கும்போது அவசரமில்லை. வெளியே வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, நிதானமாகப் போகலாம்.

நஷ்ட ஈடு பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வழிக்கு இது பொருந்தாது, ஆனாலும் ஒரே டிக்கெட்டுக்கும் இரண்டு டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிப்படி, ஏர்லைனின் தவறால் கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம். முதல் விமானம் ஒரு மணி நேரம்தான் தாமதம், ஆனால் அதனால் இணைப்பு தவறிப் பத்து மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால், கடைசி ஊரின் தாமதத்தைத்தான் எண்ண வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனால் அது ஒரே முன்பதிவுக்கு. தனித்தனியாக வாங்கியவருக்கு அதே ஒரு மணி நேரத் தாமதம் வெறும் ஒரு மணி நேரம்தான், கிடைப்பது ஒன்றுமில்லை. 2022இல் அதே நீதிமன்றம், சம்பந்தமில்லாத ஏர்லைன்களை ஒரு பயண நிறுவனம் சேர்த்து, ஒரே விலையில் ஒரே டிக்கெட்டாகக் கொடுத்திருந்தால் அதையும் ஒரே பயணமாகக் கருதலாம் என்றது. எனவே விமானங்களைச் சேர்த்தது யார், டிக்கெட் எப்படி வழங்கப்பட்டது என்பது முக்கியம்.

உங்களிடம் இருப்பது ஒரு டிக்கெட்டா இரண்டா என்று சந்தேகம் வந்தால் இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். அது 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த ஏர்லைனின் குறியீடு. இரண்டு விமானமும் ஒரே எண்ணின் கீழ் இருந்தால் அது ஒரே டிக்கெட், விமானங்கள் வேறு வேறு ஏர்லைனுடையதாக இருந்தாலும்கூட. ஆறு எழுத்து பிஎன்ஆர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பிஎன்ஆருக்குள் இரண்டு தனி டிக்கெட் இருக்க முடியும். சில பட்ஜெட் ஏர்லைன்கள் இந்த 13 இலக்க எண்ணையே கொடுப்பதில்லை, அங்கே தனி முன்பதிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் அதே பொருள்தான். சில விற்பனைத் தளங்கள் 'இணைப்பு தவறினால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று உத்தரவாதம் விற்கும். அது அந்தத் தளம் தரும் வாக்கு, ஏர்லைன் தருவதல்ல. எத்தனை மணிக்குள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். பயணக் காப்பீடும் அப்படியே: இரண்டு விமானத்துக்கும் நடுவில் குறைந்தது இத்தனை மணி நேரம் விட்டிருந்தால்தான் பணம் என்று சில பாலிசிகளில் இருக்கும். உங்கள் பாலிசியில் 'இணைப்பு தவறுதல்' என்ற பகுதியைத் தேடி, தனித்தனி டிக்கெட்டுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிளம்பும் ஊரிலேயே முதல் விமானம் வெகுநேரம் தாமதமானால், கோலாலம்பூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டாவது ஏர்லைனுக்கு உடனே போன் செய்யுங்கள், அல்லது அவர்களுடைய ஆப்பில் விமானத்தை மாற்றுங்கள். எந்தக் கட்டத்துக்குப் பிறகு மாற்ற முடியாது என்று ஒவ்வோர் ஏர்லைனும் ஒரு கெடு வைத்திருக்கும். டிக்கெட் வாங்கும்போதே அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் மாற்றினால் கட்டணமும் விலை வித்தியாசமும் மட்டும். சொல்லாமல் விட்டால் நீங்கள் வராத பயணி, டிக்கெட் வீண். பல ஏர்லைன்களில், போகும் விமானத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் விமானத்தையும் தானாகவே ரத்து செய்துவிடுவார்கள். அதனால் இரண்டாவது ஏர்லைனில் போவதையும் வருவதையும் தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக எடுப்பதை யோசியுங்கள். பட்ஜெட் ஏர்லைனில் பெரும்பாலும் விலையில் வித்தியாசம் இருக்காது. முதல் ஏர்லைனிடம் தாமதத்துக்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள், காப்பீட்டுக்குத் தேவைப்படும்.

டிக்கெட்டை உறுதி செய்வதற்கு முன் ஒரு டிராவல் ஏஜென்டிடமோ முதல் ஏர்லைனின் அலுவலகத்திலோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கையில் இருக்கும் டிக்கெட்டை மாற்றி, கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாகக் கொடுத்தால் எவ்வளவு ஆகும்? மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்து வரும் தொகையை, இரண்டு பேருக்கும் 6.50 விமானம், இரண்டு பெட்டிக்கான கட்டணம், டாக்ஸி எல்லாம் கூட்டிய தொகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் ஒரே டிக்கெட்டுக்கு மாறிவிடுங்கள்; அம்மாவோடு போகிறவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வித்தியாசம் பெரிது என்றால் 6.50ஐ எடுங்கள். அது விற்றுத் தீர்ந்துவிட்டிருந்தால் 12.30க்குத் திரும்பிப் போக வேண்டாம், மறுநாள் காலை 8.00 விமானத்தை எடுத்து, டெர்மினல் 2க்குப் பக்கத்திலேயே ஓர் இரவு தங்கிக்கொள்ளுங்கள். விழாவுக்கு அப்போதும் ஒரு நாள் மிச்சம் இருக்கும்.